பருத்தி எடுக்கும் முன் வராதே

ஜெரோம்,

"டிக்கெட் போட்டுட்டேன்ப்பா, பிப்ரவரி கடைசியில வந்துடுவேன்" என்று நீ அனுப்பிய ஒற்றை வரிக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. கைத்தொலைபேசியில் தட்டினால் எனக்கு இரண்டு வரிக்கு மேல் ஓடாது. இரண்டு வரியில் நான் எதைச் சொன்னாலும் உனக்கு அது கோபமாகத்தான் தெரியும். அதனால் உட்கார்ந்து நீளமாக எழுதுகிறேன். எழுதி ஞாயிறு பத்திரிகைக்கும் அனுப்பப் போகிறேன். வீட்டு விஷயத்தைச் சந்திக்கு இழுக்கிறாரே என்று உன் சித்தப்பா சொல்வான். இழுத்தது நான் இல்லை. உன் பெயரையும் என் சிறுநீரகத்தையும் சேர்த்து முதலில் ஊர் அறியச் சொன்னவன் அவன்தான். ஊர் அறியச் சொன்னதற்கு ஊர் அறியத்தான் பதில் சொல்ல முடியும்.

அன்று நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும். கிறிஸ்துமஸ் முடிந்து வந்த ஞாயிறு. தோட்டத்துக் கோயிலில் பூசை. மந்தினிலிருந்தும் சிரம்பானிலிருந்தும் பழைய தோட்டத்துப் பிள்ளைகள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள்; உட்கார இடம் இல்லை. மன்றாட்டு வாசிப்பது எப்போதும் உன் சித்தப்பாதான் என்பது உனக்குத் தெரியும். தேர்தலில் நின்றிருந்தால் ஜெயித்திருக்கக்கூடிய குரல் அவனுக்கு. திருச்சபைக்கு, நாட்டை ஆள்கிறவர்களுக்கு, பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு என்று வரிசையாக வாசித்துவிட்டு, தாளை மடித்துவிட்டு, தாளில் இல்லாத ஒன்றைச் சொன்னான். நோயுற்ற தந்தைக்குத் தன் சிறுநீரகத்தையே தர முன்வந்திருக்கும் நம் மகன் ஜெரோமுக்காக மன்றாடுவோம் என்றான். கோயில் முழுக்க ஒரே குரலில் பதில் சொன்னது. நான் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இத்தனை பேர் ஒரே நேரத்தில் கடவுளிடம் கேட்ட ஒரு பொருளை எனக்கு வேண்டாம் என்று எந்த இடத்தில் எழுந்து சொல்வது?

அதுவரை நீ தருகிறேன் என்று யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. சித்தப்பாவைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "குடுக்கணும்னா என்னென்ன டெஸ்ட் எடுப்பாங்க சித்தப்பா?" என்று கேட்டிருக்கிறாய். அவ்வளவுதான். கேள்வியை வாக்குறுதியாக்கிக் கோயிலில் வாசித்துவிட்டான். பூசை முடிந்து வாசலுக்கு வந்தால் நம் பக்கத்து வீட்டு மேரி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விட்டார். "குடுத்து வச்சவருங்க நீங்க. எம்மவன் காடிக்குப் பெட்ரோலு ஊத்தக்கூட காசு தர மாட்டேங்குறான், ஒங்க மவன் கிட்னியவே தர்றானே!" நான் கையை விடுவித்துக்கொண்டு தம்பியைத் தேடிப் போனேன். அவன் மைக்கைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"யார கேட்டுடா படிச்ச?"

"மன்றாடுறதுக்கு யாரண்ணே கேக்கணும்? நல்லதுக்குத்தானே லா."

"அவன் தர்றேன்னு சொன்னானா?"

"சொல்லாமயா போயிடுவான்? ஒங்க புள்ளண்ணே அவன். நீங்க வேற, எதுக்கெடுத்தாலும் மொறச்சுக்கிட்டு."

அன்று சாயங்காலத்துக்குள் அத்தைமாரும் சித்திமாரும் கைகூப்பிய படங்களை உனக்கு அனுப்பத் தொடங்கிவிட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அந்த வாரமே நீ டிக்கெட் எடுத்தாய். முடிவெடுத்தது நீ என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். உன் முடிவை உனக்கு அனுப்பிவைத்தார்கள், நீ வாங்கிக்கொண்டாய். உன் நல்ல பெயரை இன்னொருவன் செலவழிக்க விடாதே என்று உனக்கு நான் சொல்லித் தந்திருக்க வேண்டும். எனக்கே அது தெரிந்திருக்கவில்லை.

இப்போது என் நிலைமையைச் சொல்கிறேன். உன் அம்மா உன்னிடம் இனிப்புத் தடவித்தான் சொல்லியிருப்பாள். வாரத்தில் மூன்று நாள் சிரம்பானில் ஒரு மாடிக்கட்டடத்தில் சாய்நாற்காலியில் இடது கையை நீட்டிக்கொண்டு கிடக்கிறேன். கையில் இரண்டு ஊசி. அசைந்தால் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரம் கத்தும். ஜன்னல் வழியாகக் கார் நிறுத்துமிடத்தின் சுவர் தெரிகிறது. அந்தச் சுவரில் எந்தச் செங்கல் உடைந்திருக்கிறது என்பது எனக்குத் தெரியும். மற்ற நாட்களில் வீடு. அந்த வீடும் தோட்டத்தினுடையது, வேலை இருக்கும்வரைதான். வேலை முடிந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டுப் போ என்பார்கள். போகலாம், ஆனால் எங்கே? அந்த நாற்காலியிலிருந்து இரண்டு நாளைக்கு மேல் நான் விலகி இருக்க முடியாது. மாட்டைக் கயிறு நீளத்துக்கு மேயவிடுவதுபோலத்தான் இப்போது என் நடமாட்டம். நீ படிக்கும் ஊரை நான் பார்க்கவே போவதில்லை என்று ஒருநாள் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தெரிந்துவிட்டது. உன்னிடம் அதைச் சொல்லவில்லை.

பக்கத்து நாற்காலியில் கனி பாய். சி ரூசாவில் கடற்கரைச் சாலையோரம் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். தன் கடைக் குழம்பைத் தானே சாப்பிட முடியாத மனிதர். போன வாரம் இயந்திரத்தில் இணைத்ததும் என் பக்கம் திரும்பி, "சார், இன்னைக்கி நம்ம கடையில மீன்தலக் கறி. மூடிய தொறந்து மோந்து பாத்துட்டு வந்துட்டேன். மோந்து பாத்தா பொட்டாசியம் ஏறுமா?" என்று கேட்டார்.

"ஏறாது பாய்."

"அப்ப நாளைக்கும் மோந்துக்குறேன். நீங்களும் வாங்க சார், ஒங்களுக்கும் ஒரு மோப்பு ஃப்ரீ."

தாதிகூடச் சிரித்துவிட்டாள். ஆனால் பொட்டாசியம் சிரிக்கிற விஷயம் இல்லை என்பது அந்த அறையில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும். சிறுநீரகம் வெளியேற்றாவிட்டால் அது ரத்தத்தில் தேங்கும். தேங்கினால் இதயம் நின்றுவிடும். வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடாது, டுரியான் கூடவே கூடாது. உன் அம்மா உருளைக்கிழங்கைச் சின்னதாக வெட்டி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி வேறு தண்ணீரில் போடுகிறாள். கீரைக்கும் அதே கதி. மேட்டு நிலத்தில் நாம் போடும் பொட்டாஷ் உரத்தை, அதுவும் இதே பொட்டாசியம்தான், மழை இப்படித்தான் கரைத்துக்கொண்டு ஓடும். அதைத் தடுக்க நான் சரிவெல்லாம் வெட்டிய செம்பனை மட்டைகளைக் குறுக்கே பரப்பச் சொல்லி ஆட்களோடு சண்டை போட்டிருக்கிறேன். அந்தக் கரைப்பை இப்போது என் வீட்டு அடுப்பில் வேண்டுமென்றே செய்கிறார்கள்.

பொட்டாஷ் என்றதும் எனக்கு அந்தப் பழைய மேனேஜர் ஞாபகம் வருகிறது. வரட்டும், அவனைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். நம் ஆள்தான், தமிழன்தான். விவசாயம் படித்துவிட்டு வந்து, ஆட்களையும் கணக்கையும் பார்க்கும் கிராணி வேலையில் இருந்த என்னைப் பார்த்தால் அவனுக்கு ஆகாது. உர விலை ஏறியதும் முதலில் பொட்டாஷில் கை வைத்தான். வருஷத்துக்குப் போட வேண்டியதில் பாதியை நிறுத்தினான். வேண்டாம் என்றேன். "மரமெல்லாம் பச்சையாத்தானே இருக்கு கிராணி, நீங்க ஏன் பயப்படுறீங்க?" என்றான். எண்ணெய் தரும் இந்தச் செம்பனையில் இதுதான் ஏமாற்று. இன்றைக்கு வெட்டும் குலை இரண்டு மூன்று வருஷத்துக்கு முன்பே குருத்துக்குள் உருவாகத் தொடங்கியது. இன்றைக்கு உரத்தைக் குறைத்தால் இன்றைக்கு எதுவும் குறையாது. அவனுக்குச் செலவு குறைந்தது, மேலிடம் பாராட்டியது, பெரிய தோட்டத்துக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டான். பிறகுதான் அடிமட்டைகளில் ஆரஞ்சுப் புள்ளி விழுந்தது. மட்டை நுனியிலிருந்து காய்ந்தது, குலை சிறுத்தது. புது மேனேஜர் வந்து கேட்ட முதல் கேள்வி, "இந்தக் கிராணி இத்தன நாளா என்னா பண்ணிக்கிட்டு இருந்தாரு?" எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு அந்தக் கேள்வியோடு போயிற்று. நான் வாயால் சொன்னதற்குச் சாட்சி இல்லை. இன்றுவரை அந்த மனிதனை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதும் இல்லை. கோயிலில் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் வந்தால் நான் கூரையைப் பார்க்கிறேன்.

அந்தக் கசப்பில்தான் உன்னை விவசாயம் படிக்காதே என்றேன். கணக்கு படி, மருந்துக்கடைப் படிப்பு படி, ஏதாவது குளிர்சாதன அறைக்குள் போய் உட்கார் என்றேன். நீ விவசாயம்தான் படித்தாய். படித்தது மட்டுமல்ல, மேற்படிப்புக்கு இந்த நாட்டில் விளையாத ஒரு பயிரைத் தேடி ஆஸ்திரேலியாவுக்குப் போனாய். ஏன் பருத்தி என்று கேட்டதற்கு, "இங்க யாருக்கும் அதப்பத்தித் தெரியாதுப்பா, யாரும் குறுக்க பேச மாட்டாங்க" என்றாய். குறுக்கே பேசும் ஆள் நான்தான் என்று எனக்குப் புரிந்தது. அதையும் மனதில் வைத்துக்கொண்டேன். என்னிடம் வந்து சேர்ந்த எதையும் நான் வெளியே விட்டதில்லை என்பது உனக்குத் தெரிந்ததுதான்.

கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம் நீ வயலில் நின்றுகொண்டு வீடியோவில் கூப்பிட்டாயே, அந்தப் பேச்சைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். நான் இயந்திரத்தில் இருந்தேன். ஒற்றைக் கையில் தொலைபேசியைப் பிடித்திருந்தேன். போன பருவத்து வயலின் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தாய். இடுப்புயரச் செடி. கீழே நல்ல பச்சை. உச்சியில் மட்டும் இலைகள் செம்பு நிறமாகி, தடித்து, ஓரம் கீழே சுருண்டிருந்தன.

"மேல பாருங்கப்பா, நுனி இலை. என்னான்னு தோணுது?"

"வைரஸா இருக்கும். இல்லன்னா வெயில்."

"பொட்டாஷ் பத்தலப்பா."

"போடா. பொட்டாஷ் கொறஞ்சா அடி எலையிலதான் காட்டும். இத நான் நீ பொறக்குறதுக்கு முன்னாடியே படிச்சுட்டேன்."

"செம்பனைக்கு அதுதாம்ப்பா. இது பருத்தி."

கனி பாய் பக்கத்திலிருந்து, "வாத்தியாருக்கே வாத்தியாரா? அடி விழும் தம்பி!" என்றார். நீ சிரித்தாய். ஆனால் விடவில்லை. பொறுமையாகச் சொன்னாய். காய் பிடித்துவிட்டால் பருத்திச் செடி முழுக்கக் காய்க்குள்ளேயே போய்விடும் என்றாய். எல்லாக் காயும் ஒரே நேரத்தில் பொட்டாஷை இழுக்கும். அந்த நேரம் பார்த்து வேர் களைத்துப்போய்விடும். மண்ணில் பொட்டாஷ் இருந்தாலும் கெட்டிக் களிமண் அதைப் பிடித்துக்கொண்டு வேண்டிய வேகத்தில் விடாது. அப்போது உச்சியில் புதிதாக வரும் இலைக்கு எதுவும் போய்ச் சேராது. உள்ளதும் உருவப்படும். இளம் இலை சிவந்து, காலத்துக்கு முன்பே உதிரும். மேல்காய்கள் சிறுத்து, சரியாக வெடிக்காமல் நிற்கும். விளைச்சல் அங்கேதான் அடிபடுகிறது என்றாய்.

பிறகு பஞ்சைப் பற்றிச் சொன்னாய். ஒரு பஞ்சு இழை என்பது விதையின் தோலில் இருக்கும் ஒரே ஒரு உயிரணு; அது தனக்குள் பொட்டாசியத்தைச் சேர்த்து, அதனால் தண்ணீரை இழுத்து, உள்ளிருந்து விம்மி விம்மித்தான் நீளுகிறது என்றாய். நீண்டு முடிந்த பிறகு இலையிலிருந்து வரும் சர்க்கரையைக் கொண்டு உள்சுவரைத் தடிப்பாக்கிக்கொள்கிறது. பொட்டாஷ் பற்றாவிட்டால் இழை குட்டையாகும். இலை முன்கூட்டியே உதிர்ந்தால் சுவர் மெலிந்துபோகும். அந்த நூல் ஆலையில் அறுபடும், சாயத்தையும் சமமாகப் பிடிக்காது, வாங்குகிறவன் விலையைக் குறைப்பான். நான் என் வாழ்க்கையில் எத்தனையோ மூட்டை பொட்டாஷைப் பிரித்துப் போட வைத்திருக்கிறேன். ஒரு உயிரணு விம்முவதற்காகத்தான் இத்தனையும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. அன்று வீட்டுக்குப் போனதும் என் சட்டைக் கையின் ஓரத்தில் ஒரு நூலைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அம்மா, "அதையும் பிச்சுடுங்க" என்று திட்டினாள்.

நீ சொன்னதில் எனக்குப் பிடித்தது இன்னொன்று. எல்லா மண்ணிலும் பொட்டாஷ் போட்டால் விளைச்சல் கூடிவிடாது, ஏற்கெனவே போதுமான அளவு இருக்கும் மண்ணில் கூடுதலாகப் போட்டது வீண் என்றாய். எங்கே போட்டாலும் கூடும் என்று சொல்பவன் உரம் விற்பவன். நீ அப்படிச் சொல்லவில்லை. அதனால்தான் வயலைப் பட்டை பட்டையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் அளவு போட்டு, ஒரு பட்டைக்கு மட்டும் ஒன்றுமே போடாமல் வைத்திருக்கிறாய். அது பாவம் இல்லையா என்று கேட்டேன். "அது இல்லன்னா மத்ததுக்குக் குடுத்தது என்னா செஞ்சுச்சுன்னே தெரியாதுப்பா" என்றாய். இந்தத் தோட்டத்தில் நான் அந்தப் பட்டையாகத்தான் இருந்திருக்கிறேன் என்று உடனே எனக்குத் தோன்றியது. என் புத்தி அப்படி. எதைக் கேட்டாலும் அது என் காயத்தில் வந்துதான் நிற்கும். நீ அந்தப் புத்தியை வாங்கிக்கொள்ளாதே.

சரி, இப்போது டிக்கெட்டுக்கு வருகிறேன். பிப்ரவரி கடைசி என்றால் உன் மேல்காய்கள் பஞ்சு பிடிக்கும் நேரம். இலை பறித்துச் சோதிக்க வேண்டியதும் அப்போதுதான். நீ கிளம்பிவிட்டால் உனக்காக அதைச் செய்ய அங்கே ஆள் இல்லை. போன பருவம் வெள்ளத்தில் பாதி போனது என்று நீதான் சொன்னாய். இந்தப் பருவமும் போனால் உன் படிப்புக்கான உதவித்தொகை நிற்கும். அதை நீ அம்மாவிடமும் சொல்லவில்லை, சித்தப்பாவிடமும் சொல்லவில்லை. ஆனால் நான் அந்த வேலையில் இருந்தவன். காய் பிடிக்கும் பருவத்தில் வயலை விட்டுப் போகிறவனுக்கு அடுத்த வருஷம் எதுவும் மிஞ்சாது என்பது எனக்குத் தெரியும்.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. கொடுப்பவரை ஆஸ்பத்திரியில் தனி அறையில் உட்கார வைத்து, யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தினார்களா என்று கேட்பார்கள். நல்ல வழக்கம். நீ இல்லை என்பாய். மரியாதை தெரிந்த பிள்ளை நீ. கோயிலே மன்றாடிய பிறகு, அத்தைமார் கைகூப்பிய பிறகு, இல்லை என்பதைத் தவிர உன் வாயில் வேறென்ன வரும்? கேட்காமல் தந்தால் அது கொடை. எல்லாரும் கூடி நின்று கையை நீட்டிய பிறகு தருவதற்கு வேறு பெயர். அதை என் உடம்புக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு, மிச்ச நாளெல்லாம் உன் முகத்தில் ஏதாவது சுளிப்புத் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். என்னை உனக்குத் தெரியும். கண்டுபிடிக்கும்வரை விட மாட்டேன். செம்பனையில் பற்றாக்குறை வந்தால் கிழட்டு மட்டை தன்னிடம் இருப்பதைக் குருத்துக்கு விட்டுக்கொடுத்துவிட்டுக் காயும். நான் அந்தப் பயிரோடு வாழ்ந்தவன். உன் பருத்தி எப்படியோ போகட்டும். நுனியிலிருந்து உருவி வாழ எனக்கு இஷ்டமில்லை.

இதை உன் அம்மாவிடம் சொன்னபோது வீட்டில் பெரிய சண்டை. உனக்கு அது தெரியாது. போன வாரம் சிரம்பானிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். இயந்திரத்திலிருந்து இறங்கியதும் எனக்குத் தலை சுற்றும் என்பதால் இப்போதெல்லாம் வண்டி ஓட்டுவது அவள்தான். ஜெரோமை வரவேண்டாம் என்று சொல்லப்போகிறேன் என்றேன். அவள் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டாள். பின்னால் வந்த லோரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே போனான்.

"எதுக்கு வேணாங்குறீங்க?"

"அவன் படிப்புப் போயிடும்."

"அதானா? இல்ல, ஒங்க வீம்பா?"

"ரெண்டுந்தான். நான் யார்கிட்டயும் கை நீட்டி வாங்குனதில்ல."

"வாரத்துல மூணு நாளு கைய நீட்டிக்கிட்டுத்தானே கெடக்குறீங்க!"

அவள் இன்ஜினை அணைத்தாள். பிறகு, ஒரு பொருளை மேசையில் வைப்பதுபோலச் சொன்னாள். "ஜெரோமு வேணாம். எனக்கும் வேணாம் அது. நான் டெஸ்ட் குடுத்துட்டேன்."

"என்னா டெஸ்ட்?"

"கிட்னி டெஸ்ட்டுதான். வேறென்ன, பரீட்சையா எழுதுனேன்? கிறிஸ்மஸுக்கு முன்னாடியே போயிட்டேன். பாசாருக்குப் போறேன்னு சொல்லிட்டு பஸ் ஏறிப் போனேன். ஒங்களுக்கும் எனக்கும் ஒரே ரத்தம்னு கல்யாணத்தப்பவே தெரியும். மொத டெஸ்ட்டு ஒத்துப் போவுதாம். இன்னும் நெறைய இருக்காம், எல்லாம் எடுக்கலாங்குறாங்க."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா என்னா சொல்லுவீங்கன்னு தெரியாதா? ரிசல்ட்டு வரட்டும்னு இருந்தேன். அதுக்குள்ள ஒங்க தம்பி புள்ள பேர சொல்லிட்டாரு. ஊரே அவனுக்கு மன்றாடுது. எனக்கு யாரும் மன்றாடல. நானாத்தான் போனேன்."

ஜெரோம், நான் காரணம் தேடினேன். அவளிடம், உனக்கு ரத்த அழுத்தம் இருக்கிறதே என்றேன். அதையும் பார்த்துவிட்டார்களாம், மாத்திரைகூட வேண்டியதில்லையாம். ஆபரேஷன் என்றால் பயப்படுவாயே என்றேன். "ஒங்கள கட்டிக்கிட்டதுக்கே பயப்படல" என்றாள். உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்றேன். "ஆனா ஆவட்டும், ஒங்கள இப்பிடி அந்தச் செவுத்தப் பாத்துக்கிட்டு கெடக்க விட்டுட்டு எனக்கு எதுவும் ஆவாம இருந்து என்னா பண்ணப்போறேன்?" என்றாள். அந்தச் சுவரைப் பற்றி நான் அவளிடம் சொன்னதே இல்லை. என்னைக் கூட்டிப்போக வருகிறவள், நான் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பதைப் பார்த்திருக்கிறாள். அதன் பிறகு எனக்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. மறுக்கப் பழகியவனுக்கு மறுக்க ஒன்றும் இல்லாமல் போவது எவ்வளவு பெரிய நெருக்கடி என்று உனக்கு எப்படிச் சொல்வேன்? நாற்காலியில் கட்டிப்போட்டதுபோல உணர்ந்ததைவிட அந்தக் காரில்தான் அதிகம் மாட்டிக்கொண்டேன். வீடு வந்து சேரும் முன் சரி என்றேன். அவள், "சத்தமாச் சொல்லுங்க, காதுல விழல" என்றாள். மறுபடி சொன்னேன்.

ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். "ஒங்க தம்பிகிட்ட மட்டும் சொல்லாதீங்க. அடுத்த ஞாயித்துக்கெழமையே படிச்சுடுவாரு." இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்பினால் அவனுக்குத் தெரிந்துவிடுமே என்று கேட்டேன். "பேப்பர்ல அவரு படிக்கட்டும். கோயில்ல படிக்கக் கூடாது" என்றாள். ஆகவே தம்பி, நீ இதை இப்போது படித்துக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். படித்துவிட்டு மடித்து வை. உன்னோடு பேச எனக்கு இன்னும் கொஞ்ச காலம் ஆகும்.

ஜெரோம், அம்மாவுக்கு இன்னும் சோதனைகள் பாக்கி இருக்கின்றன. தனி அறையில் அவளிடமும் அந்தக் கேள்வியைக் கேட்பார்கள். அவள் இல்லை என்று சொன்னால் அது உண்மையாக இருக்கும். எல்லாம் சரியாக வந்தாலும் நாள் குறித்துத் தர மாதங்கள் ஆகுமாம். ஏதாவது ஒன்று ஒத்துவரவில்லை என்றால் நான் அந்த நாற்காலிக்கே திரும்பிவிடுவேன், கனி பாயும் இருப்பார். அப்போதும் உன்னிடம் கேட்க மாட்டேன். அதில் மாற்றம் இல்லை.

டிக்கெட்டை மாற்று. உன் இலைகளைப் பறி, உன் பட்டைகளை அள, பருத்தி எடுத்து முடி, பஞ்சைச் சோதனைக்கு அனுப்பு. அதன் பிறகு வா. அறுவை முடிந்து நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டால் வீட்டில் அடுப்புப் பற்றவைக்க ஆள் வேண்டும். உன் சித்தப்பாவை நான் உள்ளே விடப்போவதில்லை. அம்மா எதையும் தூக்கக் கூடாது என்பார்கள், எனக்குத் தூக்கத் தெம்பிருக்காது. நம் பிள்ளைக்குச் சோறு வடிக்கத் தெரியுமா, அங்கே ரொட்டியைத் தின்றுகொண்டே காலம் தள்ளுகிறானா என்று உன் அம்மா இதை எழுதும்போது பக்கத்தில் நின்று கேட்கிறாள்.

தெரியாவிட்டாலும் வா.

அப்பா